செருப்பைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடவும்

வாங்க சார், வாங்க. காரை அப்படியே வேம்புக்கு அடியில விட்டுட்டு இறங்குங்க. நீங்கதானே சுகிர்தா மேடத்துக்குப் பதிலா வந்திருக்க புது சூப்பர்வைசர்? காலையிலயே கம்பெனியில இருந்து போன் வந்துருச்சு, சார் மூணு மணிக்கு வருவாரு, கூட இருந்து எல்லாத்தையும் காட்டுன்னு. நான் குருவையா. லைசென்ஸ் வச்ச வயர்மேன், முப்பத்தோரு வருச சர்வீஸ். இந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நிக்கிற எட்டு சார்ஜ் தூணுக்கும் லைன் இழுத்தது நான்தான்.

பாத்து சார். அந்த வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதுக்கு உள்ள வர்றதா இருந்தா ஷூவைக் கழட்டிரணும். போர்டு இருக்கு பாருங்க. ‘செருப்பைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடவும்.’ பெயின்டர் வரலை, நானே எழுதுனது. என்ன, கழட்ட யோசிக்கிறீங்களா? பரவால்ல, முத நாளு. கோட்டுக்கு அங்கிட்டே நில்லுங்க, நான் இங்கன இருந்தே சொல்லிர்றேன்.

என் காலைப் பாக்காதீங்க. இது ரப்பர் பூட்ஸு. கரண்டு வேலை பாக்குறவனுக்கு மட்டும் விதிவிலக்குன்னு பூசாரியே சொல்லிட்டாரு. தொழிலுக்கு உண்டானதைச் சாமி கோவிச்சுக்காதாம்.

அந்த மேடம் உங்ககிட்ட என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியாது. என்னத்தையாச்சும் எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கும். அதைப் படிச்சிட்டு வந்திருந்தீங்கன்னா, என் பக்கத்தையும் கேட்டுருங்க. அம்புட்டுதான் நான் கேக்குறது.

மொதல்ல இங்க ரெண்டே தூணுதான் சார். நம்மூர்ல பன்னெண்டு பொம்பளைகளுக்குக் கரண்டு ஆட்டோ குடுத்தாங்க. அதுல ஒருத்தி என் மக ரஞ்சிதம். புருசன் விட்டுட்டுப் போயிட்டான், ஒரு பொட்டப்புள்ள இருக்கு. ஆட்டோ வந்தப்புறந்தான் அவ நிமிந்து நடந்தா. அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள தலையக் குனிஞ்சுகிட்டு இருந்ததைப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. ஒரே மக சார்.

பன்னெண்டு வண்டிக்கு ரெண்டு தூணு எப்படிப் பத்தும்? ஒரு வண்டி ஏற மூணு மணி நேரம் ஆகுது. இவளுக வரிசை போட்டு, தூக்குவாளியை வச்சு எடம் பிடிச்சு, கடைசியில குடுமிப்பிடிச் சண்டை. பேரூராட்சியில போய்க் கத்துனாளுக. அப்புறந்தான் உங்க கம்பெனி வந்து இன்னும் ஆறு தூணு போடுறோம்னு சொன்னுச்சு. கான்ட்ராக்டர் மதுரைக்காரரு. அவரு லோக்கல் வேலைய என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாரு. ஆவணி மாசம்.

ஆமா சார், எர்த்துக் குழிதானே? அதுக்குத்தான் வர்றேன். நீங்களும் மொதல்ல அதையே கேக்குறீங்க பாருங்க, அந்த மேடம் மாதிரியே.

பிளான்ல எட்டடி ஆழம் போட்டிருந்துச்சு. குழி தோண்டி, பைப்பை எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும். கரண்டு எங்கயாச்சும் கசிஞ்சா அது வழியா மண்ணுக்குள்ள போயிரும், ஆளைத் தொடாது. எனக்குத் தெரியாதா? ஊரு பூராம் நான்தானே குழி தோண்டுனேன்! ஆனா இங்கன சுத்திச் சிமெண்டுத் தளம். மண்ணு இருக்குறது இந்த வேம்படியில மட்டுந்தான். வேம்படியில முனியசாமி கல்லு இருக்கு. கல்லுக்கு மூணு முழம் தள்ளித்தான் தோண்டுனோம். ரெண்டடி போயிருக்கும், மண்வெட்டியில ‘ணங்’குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா துருப்பிடிச்ச வேலு. வேலு சார், சாமி வேலு. எந்தக் காலத்துல யாரு நட்டதோ.

தோண்டுன ஆளு மண்வெட்டியைப் போட்டுட்டுப் போயிட்டான். கூட்டம் கூடிருச்சு. பூசாரி முத்துக்கருப்பன் வந்து, இதுக்கு மேல ஒரு சாண் தோண்டுனாலும் ஊருக்கு ஆகாதுன்னுட்டாரு. நான் என்ன செய்ய? நான் இந்த ஊர்ல பொழைக்கணும்ல. பைப்பை ரெண்டடியில அறுத்து நட்டு, மேல சிமெண்டு மூடி போட்டு, எட்டடின்னு எழுதிக் குடுத்துட்டேன். மேல இருந்து பாக்குறவங்களுக்கு எட்டடியும் ஒண்ணுதான், ரெண்டடியும் ஒண்ணுதான். எட்டுத் தூணையும் ஒரே கம்பியில கோத்து அதுல கொண்டாந்து கட்டியிருக்கேன். பூக் கட்டுன மாதிரி இருக்கும், மூடியைத் திறந்தா காட்டுறேன்.

எழுதிக்கிறீங்களா? எழுதுங்க சார். குருவையான்னு பேரையும் போடுங்க. மறைச்சுப் பேசுறவன் இல்ல நான்.

திறப்பு விழா ஜேஜேன்னு நடந்துச்சு. மறுநாளே ரோதனை ஆரம்பிச்சுருச்சு. ஒரு வண்டியைச் சொருகுனா பட்டுன்னு எட்டும் அணைஞ்சுரும். மெயின் போர்டுல ஒரு ட்ரிப் சுவிட்ச் இருக்கும்ல, கரண்டு வழி தப்பிப் போச்சுன்னா தானா அணையிறது, அது விழுந்துரும். தூக்கி விடுவேன். பத்து நிமிசம். மறுபடியும் விழும். காலையில வெயிலேறினப்புறம் கொஞ்சம் நிக்கும், ஈரமா இருந்தா நிக்கவே நிக்காது. மண்ணுக்குள்ள ஒரு ஜாயின்ட் இருக்கு, டேப் சுத்தித்தான் புதைச்சேன், நல்ல டேப்பு. அதுல ஒண்ணும் இருக்காது. சுவிட்ச்சுதான் மட்டமான சரக்கு.

பன்னெண்டு பொம்பளைகளும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாளுக. சார்ஜ் பாதி ஏறியிருக்கும்போதே அணைஞ்சு, ஒருத்தி வண்டி ரயில்வே கேட்டுல போய் நின்னுருச்சு. உள்ள ஆறு பள்ளிக்கூடத்துப் புள்ளைக. ரஞ்சிதம் அழுதா சார். “அப்பா, பள்ளிக்கூடச் சவாரி போச்சுன்னா நான் மறுபடியும் வீட்டுலதான் உக்காரணும்”னா. அந்த வார்த்தையைக் கேட்டப்புறம் நான் யோசிக்கலை. நேரா வந்தேன், அந்த ட்ரிப் சுவிட்ச்சைக் கழட்டி வீசிட்டு, வயரை நேரா இணைச்சு விட்டேன். அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை அணைஞ்சிருக்கா? கேட்டுப் பாருங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க.

ஏன் சார் மூஞ்சி இப்படிப் போகுது? தண்ணி குடிக்கிறீங்களா?

புரட்டாசியில ஒரு நாயி செத்துச்சு. மூணாவது தூணுல காலைத் தூக்குற நாயி. அதைப் போய் மேடம் பெரிசாப் பேசுனுச்சு. ஊர்ல நாயி சாகாதா? வெசம் வச்சுக் கொல்றாங்க, வண்டியில அடிபடுது. இது தூணுகிட்டச் செத்துச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் காளிராசு. வாட்ச்மேனு. கார்த்திகை மொத வாரம், முந்துன நாளு மழை பேஞ்சு தரையெல்லாம் ஈரம். காலையில அஞ்சாவது தூணைத் துணியால துடைச்சிருக்கான். தூக்கி அடிச்சுருச்சு. வலது கை மடங்குனது மடங்குனதுதான், இன்னும் டம்ளர் பிடிக்க முடியலை, பொண்டாட்டிதான் ஊட்டி விடுறா. நான் அன்னைக்கே சொன்னேன், அவன் குடிச்சிருப்பான்னு. அவன் பொண்டாட்டி என்னைய அடிக்க வந்துட்டா. மாலை போட்டிருந்தாரு, செருப்புக்கூடப் போடாம விரதம் இருந்த மனுசனைக் குடிகாரன்னு சொல்றியேன்னு மண்ணை வாரித் தூத்துனா. மாலை போட்டவன் குடிக்க மாட்டானா சார்? எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

ஆனா அதுக்கப்புறம் பொம்பளைக தூணைத் தொடப் பயந்தாளுக. கை வச்சா சுர்ருங்குதுன்னாளுக. எனக்கு ஒரு நாளும் சுர்ருன்னதில்ல. இந்தா, இப்பக்கூட அஞ்சாவது தூணு மேலதான் கைய வச்சிருக்கேன். என்னமாச்சும் ஆச்சா? ஆகலைல்ல.

பூசாரிதான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. சாமி வேலை எடுத்த எடத்துல செருப்புக் காலோட நடக்குறீங்க, முனியசாமி சும்மா இருப்பாரான்னாரு. கேட்டதும் எனக்கே உடம்பு சிலிர்த்துருச்சு. கல்லைக் கழுவி, வேலைத் திருப்பி நட்டு, கெடா வெட்டிப் பொங்க வச்சோம். கோடு போட்டோம். கோட்டுக்குள்ள செருப்பு கூடாதுன்னு பன்னெண்டு பேரும் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனாளுக. அதுல இருந்து இருபத்திரண்டு நாளு ஆச்சு. ஒரு பொட்டு மழை இல்ல, ஒரு அசம்பாவிதம் இல்ல. இன்னமும் சுர்ருங்குதுதான், ஆனா இப்ப யாரும் பயப்படலை. சாமி இறங்கியிருக்குன்னு தூணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாளுக. வண்டியே இல்லாத சனங்ககூட வந்து தொட்டுக் கும்புட்டுட்டுப் போகுது, புள்ளத்தாச்சிப் பொண்ணைக்கூடக் கூட்டியாந்தாங்க, போன வெள்ளிக்கிழமை.

ஊரே நிம்மதியா இருக்குற நேரத்துலதான் அந்த மேடம் வந்துச்சு. என்ன வயசிருக்கும்? இருபத்தஞ்சு? ஒரு மீட்டரைக் கொண்டாந்து தூணுல வச்சுச்சு, தரையில வச்சுச்சு, மூஞ்சி வெளுத்துப் போச்சு. நேரா போர்டுக்குப் போய் மெயினை இறக்கி, கைப்பூட்டு ஒண்ணைப் போட்டுப் பூட்டி, ஒரு காகிதத்தை ஒட்டிருச்சு. ‘அபாயம். உபயோகிக்கக் கூடாது.’ என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் சார், “நீங்க ஆளைக் கொல்ல எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சிருக்கீங்க. செருப்பு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, அதையும் கழட்ட வச்சுட்டீங்க”ன்னுச்சு.

முப்பத்தோரு வருசம் சார். எத்தனை கல்யாணத்துக்கு லைட்டுப் போட்டிருப்பேன், எத்தனை வீட்டுக்கு வயர் இழுத்திருப்பேன். ஒருத்தன் என்னை நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுனதில்ல. ரஞ்சிதம் வேற பக்கத்துல நிக்கிறா. மகளுக்கு முன்னாடி அவமானப்படுறது மாதிரி ஒண்ணு கிடையாது சார், உங்களுக்கும் புள்ளை இருந்தா தெரியும்.

ரெண்டு நாளு வண்டி ஓடலை. மூணாம் நாளு நாங்களே பூட்டை உடைச்சிட்டோம். கம்பெனிக்கு மனு எழுதுனோம், சாமி எடத்துல செருப்புக் காலோட வந்து ஊரை அவமதிச்சிட்டாங்கன்னு. பதினோரு பேரு மளமளன்னு கையெழுத்துப் போட்டாளுக. ரஞ்சிதம் மட்டும் பேனாவைப் பிடிச்சுகிட்டே உக்காந்திருந்தா. “அந்த மேடம் பொய் சொல்ற மாதிரி தெரியலைப்பா”ங்கிறா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போனேன், அம்புட்டுதான். மறுநாள் காலையில கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்து குடுத்தா. அப்பன் பேச்சைத் தட்ட மாட்டா.

மனுவைப் பாத்துட்டுக் கம்பெனி மேடத்தை நீக்கிருச்சு. போறப்போ அது ரஞ்சிதத்துக்குப் போன்ல ஒரு சேதி அனுப்பியிருக்கு. ‘அக்கா, மழை பேஞ்சா மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க.’ என்கிட்ட காட்டுனா. அழிச்சுரச் சொல்லிட்டேன். வேலையை விட்டுப் போற எடத்துலயும் விசத்தைத் தூவிட்டுப் போகுது பாருங்க.

மெயின் போர்டா? அந்தா, கக்கூஸு செவத்துல இருக்குற இரும்புப் பெட்டி. இப்பத் திறக்க முடியாது சார். யாரு வேணும்னாலும் வந்து இறக்கிரக் கூடாதுன்னு பெரிய பூட்டாப் போட்டு, சாவியைப் பூசாரிகிட்ட குடுத்திருக்கோம். அவரு மலைக்குப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமைதான் வருவாரு. எதுக்கு இப்ப? நடங்க, நடந்துகிட்டே பேசுவோம். போன் யாருக்குப் போடுறீங்க? கரண்டு ஆபீசுக்கா? மதியத்துக்கு மேல எடுக்க மாட்டாங்க சார்.

நான் உங்ககிட்டப் பேசணும்னு இருந்தது வேற விசயம். அடுத்ததா பதினாலு தூணு வருதாம்ல? காய்கறி மார்க்கெட்டுல நாலு, ஆஸ்பத்திரி வாசல்ல நாலு, பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துக்கிட்ட ஆறு. வெளியாளு யாருக்கும் விடாதீங்க. இதே மாதிரி, இதே கையால, அணையவே அணையாம போட்டுக் குடுக்குறேன். பள்ளிக்கூடத்துக்கிட்டயும் ஒரு புள்ளையார் இருக்கு, அங்கேயும் செருப்பைக் கழட்ட வச்சிருவோம்.

இந்தா, தூறல் போடுது. பாருங்க, நீங்க வந்த நேரம், இருபத்திரண்டு நாளைக்கு அப்புறம் மழை. நல்ல ராசி சார் உங்களுக்கு. வானத்தைப் பாருங்க, தெக்க எப்படிக் கருத்துக் கெடக்கு. அரை மணி நேரமாச்சும் ஊத்தும்.

வந்துட்டாளே! அந்தா வருது பாருங்க, பச்சை ஆட்டோ, அதான் ரஞ்சிதம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடுவாங்க, அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போவா. அஞ்சாவது தூணுதான் அவ வழக்கமா போடுறது. தாயி! இங்கிட்டு வா. புது சார் வந்திருக்காரு, வணக்கம் சொல்லு.

ஏம்மா உள்ளயே உக்காந்திருக்க? எறங்கு. மழை விடட்டுமா? நாலு மணிக்குப் புள்ளைக நிக்காதா? என்ன முழிக்கிற?

பாத்தீங்களா சார், அந்த மேடம் செஞ்சு வச்சிட்டுப் போன வேலை. இப்ப நனைஞ்ச உடனே பயப்படுறா. வெளியாளு முன்னாடி அப்பனை இப்படி நிக்க வைக்கலாமா இவ? நீங்களே இருந்து பாருங்க சார். உங்க கண்ணு முன்னாடியே சொருகிக் காட்டச் சொல்றேன். அப்புறம் நீங்க மேல எழுதும்போது இதையும் சேத்து எழுதுங்க, மழையில போட்டாங்க, ஒண்ணும் ஆகலைன்னு.

எறங்கு தாயி. அப்பன் மேல உனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல. இருக்குல்ல? அப்ப எறங்கு.

சார், சார், ஏன் இப்படிக் கத்துறீங்க? பொம்பளப்புள்ள பயந்துறப் போகுது. கோட்டைத் தாண்டாதீங்க சார், ஷூவோட! விடுங்க, என் கையை விடுங்க. என்ன ஆளு சார் நீங்க, வந்த மொத நாளே? நீங்களும் அந்த மேடமும் ஒண்ணுதானா? எம் மகளுக்கு ஆகாததை நான் செய்வேனா? பெத்தவன் சார் நான். அவ பொழப்புக்காகத்தானே இம்புட்டும் செஞ்சேன்.

நீ அவரைப் பாக்காத ரஞ்சிதம். என்னையப் பாரு. சொருகுற பின்னு புதுசு, இறுக்கமாத்தான் இருக்கும், ஈரத்துல வழுக்கும். இடது கையைத் தூணுல நல்லா ஊணிக்கிட்டு, வலது கையால அழுத்து.

செருப்பக் கழட்டிட்டியா? அந்தா, அப்படித்தான். கோட்டுக்கு வெளியில விடு.

அப்பன் நிக்கிறேன்ல. தொடும்மா.